அன்னதர்மம் பிள்ளைகளுக்குத் தரும் பாடம்

பொதுக்கிணற்றில் தண்ணீர் கோரவே பல சாதியாருக்குத் தடை இருந்த காலத்தில், அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு கண்டார். பல சாதி மக்களும் அதில் நீராடி, ஒன்றாக உண்டனர். இன்று பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் நடக்கும் அன்னதர்மம் அந்த வழியில் வந்ததே.

இந்தப் பணிவிடைக்கு வரும் மாணவ மாணவியர் முதலில் கற்பது கணக்கு. வீட்டில் உலை வைக்கும்போது நாளும் ஒரு பிடி அரிசி, சுமார் 50 கிராம், எடுத்து வைத்தால் மாதம் ஒன்றரைக் கிலோ ஆகும். 100 வீடு சேர்ந்தால் 150 கிலோ. தர்மம் செய்யப் பணக்காரராக வேண்டியதில்லை.

அடுத்தது பணிவு. காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, இலை எடுத்த பிள்ளைக்கு ஒரு பருக்கையின் அருமை தெரியும்.

மூன்றாவதே பெரிய பாடம். இன்னார் என்று கேளாமல் பரிமாற வேண்டும். வாங்குபவர் முகம் வாடினால் அது பிச்சை, தர்மம் ஆகாது. கொடுப்பதைப் படம் எடுத்துப் பலருக்குக் காட்டினால் வாங்கியவர் தலை குனியும். தாழ்த்தப்பட்டோர் தலை நிமிரவே அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். ஆகவே பரிமாறிய பிள்ளைகளும் வந்தவர்களோடு அதே பந்தியில் அமர்ந்து உண்ணட்டும்.

அய்யா உண்டு!