சாணக்யபுரி ரூட் கிடைத்திருக்கிறதா? விலாசத்தையும் கேட்டையும் முதலில் படியுங்கள்

டெல்லியில் டெலிவரி வேலைக்குச் சேருகிற நம்ம ஊர்த் தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த வண்டி நல்லதுண்ணே?" என்றுதான். தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி ரூட் என்றால் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. அங்கே சாலை அகலம், இரண்டு பக்கமும் மரநிழல், கரோல் பாக் மாதிரி நெரிசல் கிடையாது. வண்டி ஓட்டத் தெரிந்த யாரும் ஓட்டிவிடலாம். ஆட்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில்: விலாசத்தில், அப்புறம் கேட்டில்.

காகித வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும், மாற்ற வேண்டாம். ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கட்டும். போலீஸ் நிறுத்தினால் போனில் காட்டலாம். புகைச் சான்றிதழை இங்கே பியூசி என்பார்கள். அது காலாவதியாகியிருந்தால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், ஒரு வாரச் சம்பாத்தியம் போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் "இந்த வண்டியில் டெலிவரி வேலை செய்யப் போகிறேன்" என்று சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு தொழில் செய்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கொடுக்க மறுக்க அவர்களுக்கு அது ஒரு காரணமாகிவிடும்.

வண்டியைக் கடனில் வாங்காதீர்கள். டெல்லி அரசின் 2023 திட்டப்படி, 25 வண்டியோ அதற்கு மேலோ வைத்திருக்கும் டெலிவரி நிறுவனங்கள் 2030 ஏப்ரல் 1-க்குள் முழுக்க மின்வண்டிக்கு மாறியாக வேண்டும். இப்போது பெட்ரோல் பைக்குக்குத் தவணை கட்ட ஆரம்பிப்பது புத்திசாலித்தனமில்லை. மாத வாடகைக்கு மின் ஸ்கூட்டர் எடுங்கள். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் இருப்பதற்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ரிங் ரோட்டையும் சர்தார் படேல் மார்க்கையும் கடப்பது பேருந்துக்கு நடுவில் சைக்கிள் ஓட்டுவதுதான். லைசென்ஸ் இருந்தால் வேகமான வண்டியையே எடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

வேலை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பார்சல் இல்லாமல், மேப்பும் இல்லாமல் ஒரு சுற்று போய் வாருங்கள். மோதி பாக் பக்கம் ரிங் ரோட்டிலிருந்து சாந்தி பத்துக்குள் நுழைந்து கடைசி வரை போங்கள். பிறகு நியாய மார்க், நீதி மார்க், பஞ்ச்சீல் மார்க், சத்ய மார்க், விநய மார்க், கௌடில்ய மார்க், மால்சா மார்க் என்று ஒவ்வொன்றாக. நியாயமும் நீதியும் தமிழ்க் காதுக்கு ஒன்றாகவே விழும்; போனில் வாடிக்கையாளர் சொல்லும்போது இரண்டு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். அடையாளத்துக்கு நியாய மார்க் என்றால் ரயில் மியூசியம், நீதி மார்க் என்றால் அசோக் ஓட்டல் என்று மனதில் வைத்தால் போதும். ரவுண்டானாவை இங்கே கோல் சக்கர் என்பார்கள். வலதுபக்கம் வருகிறவருக்கு வழிவிட்டு நுழையுங்கள். திரும்ப வேண்டிய வழி தவறினால் இன்னொரு முறை சுற்றுங்கள், யாரும் சிரிக்கப் போவதில்லை. எதிர்த்திசையில் பத்து அடி போனாலும் மூலைக்கு மூலை நிற்கிற போலீஸ் கண்ணில் படும்.

விலாசத்தில் பெரிய சிக்கல் ஐம்பது என்ற எண். பார்சலில் '50-ஜி, சாந்தி பத்' என்று மட்டும் இருந்தால் அது ஆஸ்திரேலியாவா, பாகிஸ்தானா, ஜப்பானா, ஜெர்மனியா? நான்கும் அந்த 50-ஜிக்குள்தான் வரும். ஐம்பது என்பது வீட்டு எண் போலத் தெரியும். உண்மையில் அதோடு சேரும் எழுத்துதான் பிளாக்கைச் சொல்கிறது. அதற்கு முன்னால் சாய்கோட்டோடு வருகிற சின்ன எண்தான் மனையைச் சொல்கிறது. 1/50-ஜி ஆஸ்திரேலியா, 2/50-ஜி பாகிஸ்தான், 6/50-ஜி ஜெர்மனி. 50-டி சீனா. 2/50-இ பிரான்ஸ். 50-பி நீதி மார்க்கிலுள்ள அசோக் ஓட்டல். அந்தச் சின்ன எண் லேபிளில் இல்லாவிட்டால் ஹப்பிலிருந்து கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்த பார்சலைத் தூக்கிக்கொண்டு பாகிஸ்தான் தூதரக வாசலில் போய் நின்று விளக்கம் சொல்லும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

பின்கோடை நம்பாதீர்கள். 110021 என்றால் சாணக்யபுரி மட்டும் என்று நினைத்தால் கெட்டீர்கள்; மோதி பாக், ஆனந்த் நிகேதன், சாந்தி நிகேதன், சத்ய நிகேதன் எல்லாம் அதில் சேரும். சாந்தி பத் வேறு, சாந்தி நிகேதன் வேறு. சத்ய மார்க்கில் அரசு அதிகாரிகள் வீடு. சத்ய நிகேதன் கல்லூரிப் பிள்ளைகள் அறையெடுத்துத் தங்கும் இடம், ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பஞ்ச்சீல் பார்க் என்று இன்னொன்று இருக்கிறது, அது தெற்கே வெகுதூரம். மேப்பில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் வருகிறதைத் தொடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ரூட் சரிப்படாது. அரசுக் குடியிருப்பில் டி-1, டி-2 என்று எழுதியிருப்பது வீட்டின் வகை. எண் அதற்குப் பின்னால் வரும்.

அடுத்தது கேட். இதற்குத்தான் நேரம் போகும்.

தூதரக பார்சல்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அவற்றைப் பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மதியத்துக்குமேல் போனால் உள்ளிருந்து யாரும் வெளியே வரமாட்டார்கள். சனி, ஞாயிறு கிடையாது. நம் விடுமுறையோடு அவர்கள் நாட்டு விடுமுறையும் சேரும்: ஜூலை 4 அமெரிக்கா, ஜூலை 14 பிரான்ஸ், அக்டோபர் 3 ஜெர்மனி. அக்டோபர் முதல் வாரம் சீனாவுக்கு. போனில் குறித்துக்கொள்ளுங்கள், வீண் நடை மிச்சம்.

லேபிளில் தூதரகத்தின் பெயர் மட்டும் இருந்து ஆள் பெயர் இல்லையென்றால் அந்தப் பார்சலைக் கேட்டில் வாங்கமாட்டார்கள். ஆள் பெயர், பிரிவு, போன் எண் மூன்றும் வேண்டும். கிளம்பும் முன் அந்த ஆளிடம் பேசி, எந்த கேட் என்று கேளுங்கள். மேப் உங்களை விசா வரிசை நிற்கிற கேட்டுக்குக் கொண்டுபோகும். பார்சல் வாங்குவது பெரும்பாலும் பக்கத்துச் சாலையிலுள்ள சர்வீஸ் கேட்டில்.

வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், முகம் தெரிய வேண்டும். அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும். முக்கியமானது இது: முதுகுப் பையை வண்டியிலேயே வைத்துவிட்டு நடக்கக் கூடாது. தூதரக மதிலோரம் ஆளில்லாமல் கிடக்கிற பெரிய பை என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. கனமாக இருந்தாலும் தூக்கிக்கொண்டே போங்கள்.

வெளியே நிற்பது டெல்லி போலீஸ், உள்ளே நிற்பது தூதரகத்தின் காவலர்கள். வெளியே நிற்கிறவரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது அவர் வேலையில்லை. "பாய்ஸாப், பார்சல் ஹை, அந்தர் ஃபோன் கர் தீஜியே" (அண்ணே, பார்சல் வந்திருக்கிறது, உள்ளே போன் போடுங்கள்) என்று பணிவாகச் சொன்னால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். சீல் வைத்தது, எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். அவர்கள் ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்வார்கள். ஓடிபி காவலரிடம் இருக்காது. பார்சலைக் கையிலிருந்து விடும் முன் வாடிக்கையாளரை அழைத்து வாங்கிவிட வேண்டும். ஸ்கேனுக்குப் போன பிறகு அவர் மீட்டிங்குக்குப் போய்விடுவார், நீங்கள் வெயிலில் நிற்பீர்கள்.

பிறகு அந்த போட்டோ. பார்சல் கொடுத்ததற்குப் படம் எடு என்று ஆப் கேட்கும். கேமராவைத் தூதரக கேட்டையோ மதிலையோ காவலரையோ நோக்கி ஒருபோதும் தூக்காதீர்கள். போனை வாங்கிப் பார்ப்பார்கள், அரை மணி நேரம் போகும். பார்சலைத் தரையில் வைத்து, போனை நேர்கீழாகப் பிடித்து, பெட்டியும் லேபிளும் மட்டும் விழும்படி எடுங்கள். அதுவும் "ஃபோட்டோ லே லூம்?" (படம் எடுக்கட்டுமா?) என்று கேட்டுவிட்டு. வேண்டாம் என்றால் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, ஆப்பில் காரணத்தை எழுதுங்கள்.

ஓட்டல்கள் சுலபம். அசோக், தாஜ் பேலஸ், ஐடிசி மௌர்யா, லீலா எதுவானாலும் முன்வாசல் போர்ட்டிகோவில் ஏறாதீர்கள், பின்பக்க கேட்டைக் கேளுங்கள். சஞ்சய் கேம்ப், விவேகானந்த கேம்ப் குடிசைப் பகுதிகளில் எண்ணைத் தேடிப் பயனில்லை; போன் போட்டால் ஆளே சாலைக்கு வந்து வாங்கிக்கொள்வார். இந்த ரூட்டில் மனசுக்கு நிம்மதியான டெலிவரி அதுதான். அரசுக் குடியிருப்புகளை மாலை ஆறுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், பகலில் பூட்டுதான் பதில் சொல்லும்.

வெளிநாட்டுத் தலைவர் வருகிற நாளில் சர்தார் படேல் மார்க்கை நிறுத்திவிடுவார்கள். காலையில் டிராஃபிக் போலீஸ் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வரிசையை மாற்றுங்கள். வெயிலை லேசாக நினைக்க வேண்டாம்: பக்கத்திலிருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி பதிவானது. இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு போட்ட மோர், முழுக்கைச் சட்டை. சாப்பாட்டுக்கு மால்சா மார்க் மார்க்கெட் அல்லது யஷ்வந்த் பிளேஸ். பர்ஸ் இளைத்திருந்தால் வீட்டிலிருந்து டப்பா.

இ-ஷ்ரம் தளத்தில் பிளாட்ஃபார்ம் தொழிலாளராகப் பதிவு செய்துவிடுங்கள், ஆதாரும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும். கொடுக்க முடியாமல் திரும்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் கேட், நேரம், யாருக்கு எத்தனை முறை போன் போட்டீர்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட்டோடு சேமித்து வையுங்கள். பணம் பிடித்தால் ஹப் மேனேஜரிடம் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.