விசிறி ஓசையின் பிறப்பியல்

எழுத்தொலிகள் எங்கே, எவ்வாறு தோன்றுகின்றன என்று ஆராய்தற்காகவே தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துள் பிறப்பியல் என ஓர் இயலை வகுத்தார். உள்ளிருந்தெழும் காற்று ஒன்றேயாயினும், அது தடைப்படும் இடம் வேறுபடவே ஒலியும் வேறுபடும் என்பது அவ்வியலாற் பெறப்படும். இவ்வுண்மை பழைய மோட்டார் வண்டிக்கும் பொருந்துமென்பதை யான் சென்ற ஐப்பசித் திங்களிற் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வண்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அதன் ஹீட்டர் விசிறி, பட்டறையார் 'புளோயர்' என்பது, பல நாளாகக் கரகரவென்று கத்திற்று. பரங்கிப்பேட்டை வெயிலில் ஹீட்டர் எதற்கென்று அதனை நிறுத்தியே வைத்திருந்தோம். ஓரிரவு சிதம்பரத்திலிருந்து பு. முட்லூர் வழியாக ஊர் திரும்புகையில் பெருமழை பிடித்துக்கொண்டது. நனைந்த உடையோடு ஐவர் உள்ளே அமர்ந்திருந்தமையால் முன்கண்ணாடியின் உட்புறம் வெண்புகை படர்ந்தாற்போல் மூடிக்கொண்டது. தந்தையார் ஒரு கையால் வண்டியைச் செலுத்தி, மறு கையால் துணிகொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் மீண்டும் மூடிய ஒரு நொடியில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சென்ற முதியவர் ஒருவர் முழத் தொலைவில் உயிர் தப்பினார். நாங்கள் வீணென்று நிறுத்தியது எதனை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

குளிர்நாட்டார் உடல் வெம்மைக்கு வேண்டும் ஹீட்டர், நம் கடற்கரையில் கண்ணாடிக்கே பெரிதும் வேண்டப்படுவது. மழையாற் குளிர்ந்த கண்ணாடியில் மூச்சின் ஈரம் நுண்துளிகளாய்ப் படிகிறது. எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீர் ஹீட்டரிலுள்ள சிறு ரேடியேட்டரினுட் புக, விசிறி அதனூடே காற்றைச் செலுத்துகிறது. அவ்வாறு வெப்பமுற்ற காற்று கண்ணாடியையும் சூடாக்கும். ஈரத்தையும் ஏற்றுக்கொண்டு போகும். விசிறி நின்றுவிடின் சுடுநீர் இருந்தும் பயனில்லை.

வண்டியைப் பார்த்த பட்டறையார் ஒருவர், மோட்டார் முழுவதையும் மாற்றவேண்டுமென்றார். மாற்றுமுன் ஓசையின் பிறப்பிடத்தைக் கண்டறிவோமென்று யானும் தந்தையாரும் முற்பட்டோம்.

முதற்கண், எஞ்சினை இயக்காமல், சாவியைத் திருப்பி விசிறியை மட்டும் ஓட்டிக் கேட்டல் வேண்டும். விசிறியின் வேகத்தோடு ஓசையும் ஏறி இறங்குமாயின் குற்றம் விசிறியினதே. எஞ்சினோடு மட்டும் ஏறி இறங்குமாயின் வேறிடத்திலே தேடுக. இனி, ஓசையின் வகையை நோக்குக. சரசரவென்பது சருகு அகப்பட்டதன் அறிகுறி. தொடங்கும்பொழுது கீச்சென்று ஒலித்துச் சிறிது ஓடியபின் அடங்குவது, அச்சைத் தாங்கும் புஷ் எண்ணெயின்றி உலர்ந்தமையைக் காட்டும். வேகம் மிக மிகப் பெட்டியே அதிருமாயின், சக்கரத்தின் ஓரிதழ் ஒடிந்திருக்கலாம். அல்லது ஒருபுறம் அழுக்கு அப்பி எடை ஒவ்வாதிருக்கலாம். விசிறி நின்றிருக்கையிலும் மேடுபள்ளத்தில் மட்டும் தடதடக்குமாயின், திருகாணி தளர்ந்ததென்று கொள்க.

எங்கள் வண்டியில் முதலிரு குற்றங்களும் கலந்திருந்தன. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்கினோம். இடப்பக்க இருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியை எடுத்துவிட, விசிறியின் கூடு தென்பட்டது. மோட்டார் பொருந்தியிருந்த நிலையைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொண்டு, மின்கம்பி இணைப்பைப் பிரித்து, திருகாணிகளைக் கழற்றிக் கிண்ணத்திலிட்டோம். மோட்டாரும் அதனோடு கூண்டு போன்ற சக்கரமும் கீழே இறங்கின. சவுக்குத் தழையும் வேப்பங்காம்புமாக ஒரு கைப்பிடி உள்ளிருந்து வந்தது. முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாயில் வழியே புகுந்தவை அவை.

மெல்லிய தூரிகையால் இதழ்தோறும் துடைத்தோம். மோட்டாரில் நீர் படவிடவில்லை. இதழில் செருகிய சிறு உலோகத் துண்டு எடை ஒப்பிற்காக வைத்தது. அழுக்கென்றெண்ணி அதனைப் பிடுங்கலாகாது. அச்சை விரலால் அசைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆட்டமிருப்பின் புஷ் தேய்ந்ததாகும். அப்பொழுது மாற்றுதலே வழி. எங்களதில் ஆட்டமில்லை, உலர்வும் துருவுமே இருந்தன. துருவைத் துடைத்துத் தையற்பொறிக்கு இடும் மெல்லிய எண்ணெயை அச்சும் புஷ்ஷும் கூடுமிடத்தில் இரண்டு துளி விட்டோம். அன்னையார் தேங்காயெண்ணெயை எடுத்துவந்தார்கள்; அது நாளடைவிற் பிசினாகி அச்சைப் பற்றிக்கொள்ளுமென்று தந்தையார் தடுத்தார். எண்ணெய் மிகுதலும் தீங்கே. மோட்டாரினுள் மின்சாரம் பாயும் கரித்துண்டுகளில் அது படியின் புதிய குற்றம் பிறக்கும்.

எங்கள் ஊர் இரும்புக்குப் பெயர்போன ஊர். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் இரும்பாலை நிறுவி, சேலத்துக் கனியத்தை இங்கே உருக்குவித்தார். ஆனால் அதே ஊர்க் காற்று இரும்புக்குப் பகையுமாம். கடலுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ள, உலோகம் விரைந்து துருவேறுகிறது. ஓடாத அச்சை உப்பு எளிதிற் பற்றும். ஆகலின் விசிறியைப் பயன்படுத்தாமை அதனைக் காப்பதாகாது, கெடுப்பதேயாம். வாரம் ஒருமுறை சிறிது நேரமேனும் அதனை ஓட்டுக. காற்றுவாயிலிற் சருகு சேரவிடாதொழிக. இவ்விரண்டும் செலவில்லாத மருந்துகள்.

கார்த்திகையில் அதே சாலையில், அதே மழையில் திரும்பினோம். கண்ணாடி தெளிந்திருந்தது. தந்தையாரின் இரு கைகளும் சக்கரத்தின்மேல் இருந்தன. விசிறியினின்றும் காற்றின் மெல்லொலி ஒன்றே கேட்டது.

பழைய வண்டியுடைய நண்பர்களே, அடுத்த மழைக்காலம் வருமுன் உங்கள் விசிறியை ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். அது ஏதேனும் முறையிடுமாயின், வாயை அடைத்துவிடாமல், அம்முறையீடு எவ்விடத்துப் பிறக்கின்றதென்று ஆராயுங்கள்.