பிள்ளைக்கு கேம் எப்போது?

"என் பையனுக்கு எப்போ கேம் கொடுக்கலாம்?" என்று தாம்பரம், சேலையூர் பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். வயதை மட்டுமல்ல, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறானா என்பதையும் பாருங்கள்.

1. வயது: ஒரு வயதில் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சோறு ஊட்டப் போனைக் காட்டிப் பழக்காதிருங்கள்.

2. இடம்: ஹாலில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடட்டும். நீங்களும் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

3. நேரம்: ஆரம்பிக்கும் முன்பே முடிவைப் பேசிவிடுங்கள். "இந்த லெவல் முடிஞ்சிடட்டும்மா" என்பான். அடுத்த லெவல் உடனே வந்து நிற்கும்.

4. பணம்: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. சாதாரண கேமிலும் உடை, ஆயுதம் வாங்கப் பணம் கேட்கும்; ஓ.டி.பி.யைச் சொல்லாதிருங்கள்.

சொன்னதும் கீழே வைத்தால் நாளையும் கொடுக்கலாம். அழுது புரண்டால் சில மாதம் பொறுங்கள். குடும்ப ஜெபத்தில் உங்கள் போனும் அணைந்திருக்கட்டும்; பிள்ளை அதைத்தான் பார்க்கிறது.