பாறை ஏறும் டயர்: பட்டனை நம்பிக் காசு போடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் மலை. அந்த மலைப்பாறை உடைந்து, ஆற்றோடு உருண்டு வந்து, பல லட்சம் ஆண்டுகள் அலையில் அரைபட்டுத்தான் எங்கள் கரையில் கறுப்பும் சிவப்புமாக மணலாய்க் கிடக்கிறது. ஊர்ப் பையன்கள் ஜீப்போ மகிந்திரா தாரோ வாங்கிவிட்டால் இந்த இரண்டு இடமும் கண்ணுக்குள் வந்து நிற்கும். சின்னவிளைப் பக்கம் கரையில் ஒரு ஓட்டம், கீரிப்பாறைக்கு மேலே ஒரு ஏற்றம். அதற்கு என்ன டயர் போடலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். கேட்கும்போதே பாதிப் பதிலை அவர்களே கையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில்களில் பல தவறானவை. மலைத்தடத்தில் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமும் இருக்கும்போது டயர் பற்றிய தவறான நம்பிக்கை உயிரோடு விளையாடுவது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாறை ஏறும் பந்தயம் என்றால் அமெரிக்காதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் 2007 முதல் நடக்கும் ‘கிங் ஆஃப் தி ஹாமர்ஸ்’ பந்தயத்தின் காணொளிகளைப் பார்த்துத்தான் பலர் டயர் வாங்குகிறார்கள். நம் பக்கத்தில் இதே கலையைப் பந்தயம் இல்லாமல், பிழைப்புக்காகத் தினமும் செய்கிறவர்கள் எஸ்டேட் ஜீப் ஓட்டுநர்கள். மாறாமலையில் கிராம்புத் தோட்டத்துக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகிறவர்கள் அவர்கள். சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக்கு, உடைந்த கல்லின்மேல் ஆள் ஏற்றிப் போகிறவர்களும் அவர்களே. நம்மூர்ச் சாலைக்கும் சுமைக்கும் பொருந்தும் பாடம் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் கிடைக்கும்.

“பட்டன் பெருசா இருந்தா போதும் மக்கா, எங்கயும் ஏறிரும்”

டயர் கடைகளில் நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான். பட்டன் என்பது டயரின் முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டி. பெரிய பட்டனும் நடுவே அகன்ற பள்ளமும் உள்ள டயர் சேற்றுக்காகச் செய்யப்பட்டது. சுற்றும்போது பள்ளத்தில் அடைந்த சேற்றை அது வெளியே வீசும், பட்டன் மறுபடி மண்ணைக் கடிக்கும். பாறையில் வீசி எறிய ஒன்றும் இல்லை. அங்கே பிடி இரண்டு வழியில் வருகிறது. பாறையின் சொரசொரப்புக்குள் ரப்பர் அமுங்கி நுழைவது ஒன்று, பாறையின் விளிம்பில் பட்டனின் ஓரம் மாட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதற்குப் பெரிய பட்டன் உதவும், மறுக்கவில்லை. முதலாவதற்கு மென்மையான ரப்பரும் வளைந்து கொடுக்கும் உடலும் வேண்டும். பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளம் பாறையைத் தொடுவதே இல்லை. வழவழப்பான பாறையில், அதுவும் மழை நனைத்த பாறையில், பட்டனின் முகத்தில் மெல்லிய கீறல்கள் உள்ள ஆல் டெரெய்ன் டயர் சில சமயம் சேற்று டயரைவிட நன்றாக நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறுகிற நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பாசி படிந்த பாறையில் எந்த டயரும் வழுக்கும். அங்கே இறங்கி நடந்து பார்த்து வழியை மாற்றுவதுதான் ஓட்டுநரின் வேலை.

பெரிய பட்டன் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிடுகிறார்கள். கூர்மையான கல்லின்மேல் சுற்றும் சக்கரம் பட்டனைத் துண்டு துண்டாகப் பிய்த்துவிடும். எஸ்டேட் ஓட்டுநரைக் கவனியுங்கள். ஃபோர் வீல் லோவில், முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போவார். சக்கரம் ஒரு சுற்றுகூட வீணாகச் சுற்றாது.

“காத்தை இறுக்கி அடிச்சா கல்லு குத்தாது”

எல்லா நம்பிக்கையிலும் அதிகம் கெடுதல் செய்வது இதுதான். உண்மை நேர் எதிராக இருக்கிறது.

ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின்மேல் ஏறக்குறைய 500 கிலோ. காற்று 32 பிஎஸ்ஐ என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 220 சதுர சென்டிமீட்டர், விரித்த கையின் அளவைவிடச் சற்றே பெரிது. காற்றைப் பாதியாக்கி 16-க்குக் கொண்டுவந்தால் அந்தப் பரப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் சரியாக இரண்டு மடங்கு ஆகாது, ஆனாலும் கிட்ட வரும். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தொடும் தடம் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது. அப்போது டயர் பாறையை ஒரு துணி போலப் போர்த்திக்கொள்கிறது, ஒரே நேரத்தில் பல பட்டன்கள் பல இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. இறுகிய டயர் கல்லின் ஒரே முனையில் ஏறி நிற்கும். 500 கிலோவும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். வெட்டு விழுவது அங்கேதான்.

காற்றைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. ரிம்மோடு டயரின் விளிம்பைத் திருகாணி போட்டு இறுக்கும் பீட்லாக் இல்லாத சாதாரண டியூப்லெஸ் வண்டியில் 15-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. இறங்கினால் பக்கவாட்டுத் தள்ளலில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். பழைய ஜீப்புகளில் இருந்த 6.00-16 டயரைப் போல டியூப் போட்டவற்றில் இன்னும் கவனம் தேவை. காற்று குறைந்தால் டயர் ரிம்மின்மேல் நழுவும், டியூபும் சேர்ந்து இழுபடும், வால்வின் கழுத்து அறுந்துபோகும். காற்று குறைத்த டயரின் பக்கச்சுவர் வெளியே உப்பியும் இருக்கும். ஆகவே கல்லின் பக்கமாக உரசிக்கொண்டு போகாமல், கல்லின் தலைமேல் டயரின் முகத்தை ஏற்றிப் போகவேண்டும். காற்றைக் குறைத்து ஓட்டக் கற்றவர்கள் இதையும் சேர்த்தே கற்றவர்கள்.

“கரையில ஓடின டயரு மலையிலயும் ஓடும்”

எங்கள் ஊருக்கே உரிய நம்பிக்கை. கடல் மணலில் காற்றைக் குறைத்துப் பழகியவர்கள் அதே கணக்கை மலைக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டு இடத்திலும் காற்றைக் குறைப்பது சரிதான், காரணம் வேறு. மணலில் டயர் மிதக்க வேண்டும். அங்கே ஆழமான பட்டன் மண்வெட்டியாக மாறி வண்டியைப் புதைக்கும், வழவழப்பான டயர்தான் நல்லது. பாறையில் மிதக்க ஒன்றுமில்லை, பற்ற வேண்டும், வெட்டைத் தாங்க வேண்டும். மணலில் அழகாக ஓடிய மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயர் மாறாமலைத் தடத்தில் முதல் நாளே கிழியலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரை என்பது வண்டி பழகும் மைதானம் அல்ல. வலை காய்கிற இடம், வள்ளம் ஏற்றுகிற இடம், ஆமை முட்டையிடுகிற இடம். அங்கே ஓட்டாதீர்கள்.

“பெரிய டயர் போட்டா வண்டி அவ்வளவுக்கும் உயரும்”

பாதிதான் உயரும். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு உயர்வது 1 அங்குலம், மறுபாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. பெரிய டயர் கல்படியில் எளிதாக ஏறும் என்பது உண்மை, ஆனால் அதற்கு விலை உண்டு. விட்டம் 10 சதவீதம் கூடினால் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய அதே அளவு குறையும். மெதுவாக ஊர்ந்து ஏறவேண்டிய வண்டி வேகமாக ஏறவேண்டியதாகும், பிரேக்கும் அதிகம் உழைக்கும், ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும்.

ரிம் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் இன்னும் அதிகம். பெரிய ரிம்தான் பெரிய வண்டி என்று நினைக்கிறார்கள். 2020-இல் வந்த மகிந்திரா தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரகத்தில் 245/75 ஆர் 16, மற்றதில் 255/65 ஆர் 18. நடுவில் உள்ள எண் டயர் அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்று சொல்கிறது. கணக்குப் போட்டால் 16 அங்குல ரிம்முக்குப் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர், 18-க்கு 166 மில்லிமீட்டர். டயரின் முழு உயரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே கிடைக்கும் மெத்தையோ 16-இல் அதிகம். பாறைக்குப் போகிறவர்கள் ரிம்மைச் சிறிதாக்கிப் பக்கச்சுவரை உயர்த்துவதுதான் வழக்கம். வளைய இடம் இல்லாத டயரில் காற்றைக் குறைத்தும் பலன் இல்லை.

நிறுவனம் குறித்த அளவைத் தாண்டுமுன் ஆர்.சி. புத்தகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, நிறுவனம் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

“8 பிஆர்னா எட்டு அடுக்கு”

இல்லை. பருத்தி நூலால் அடுக்குப் போட்ட காலத்துக் கணக்கு அது. இன்று பிஆர் (ப்ளை ரேட்டிங்) என்பது பலத்தைச் சொல்லும் எண் மட்டுமே. உள்ளே உண்மையில் இருக்கும் அடுக்கு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. உண்மையான எண்ணிக்கை பக்கச்சுவரில் தனியாக அச்சிட்டிருக்கும், முகப்பில் இத்தனை, பக்கத்தில் இத்தனை என்று. பக்கத்தில் மூன்று அடுக்கு உள்ள ரேடியல் கிடைத்தால் பாறைக்கு அதை எடுங்கள்.

பழைய ஓட்டுநர்கள் நைலான் டயரை விடமாட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நைலானில் பக்கச்சுவரும் முகப்பும் ஒரே கனத்தில் அடுக்கப்பட்டவை, வெட்டு விழுவது குறைவு. ஆனால் விறைப்பு அதிகம், காற்றைக் குறைத்தாலும் ரேடியல் அளவுக்கு விரியாது, தார்ச்சாலையில் அலையும், சூடேறும். எது போட்டாலும் நான்கிலும் ஒன்றே போடுங்கள். ஜீப்பும் தாரும் ஃபோர் வீலில் போட்டதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டப்படும் வண்டிகள். பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டு விட்டம் மாறினால், மணலில் சக்கரம் நழுவிச் சரிசெய்துகொள்ளும். பாறையில் நழுவ இடம் இல்லை, அந்த இழுபறி முழுவதும் கியர்ப்பெட்டிக்குள் போகும்.

“டயர்னா சுத்த ரப்பர்தானே?”

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் இதில் எங்கள் மாவட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரிதான். மரத்திலிருந்து வடியும் பால் வெள்ளை, டயர் கறுப்பு. எங்கள் கரையின் கறுப்பு மணலைத்தான் டயரில் கலக்கிறார்கள் என்று சிறுவயதில் நானும் நம்பியிருந்தேன். அது உண்மையில்லை. ஆரம்ப காலத்து டயர்கள் துத்தநாக ஆக்சைடு சேர்த்து வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1910-களில் கார்பன் கரி சேர்க்கத் தொடங்கிய பிறகே டயர் கறுப்பாகி, பல மடங்கு உழைக்கவும் செய்தது. அதே காலத்தில், 1909-இல், ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிப்போன மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அந்தத் தடம் பிடித்து வந்துதான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை பிறந்தது.

எங்கள் மணலுக்கும் டயருக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து எடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, தூய வெள்ளை நிறமி. டயரின் பக்கத்தில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிவதற்கு ரப்பரில் சேர்ப்பது அந்த நிறமியைத்தான். ஆனால் அந்த வெள்ளை எழுத்து பாறையில் ஏற உதவாது. உதவுவது இயற்கை ரப்பரின் அளவு. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் இழைகள் வரிசையாகி அந்த இடத்தில் படிகமாக இறுகும். கிழிசலின் முனையில்தான் இழுவை அதிகம், ஆகவே கிழிசல் அங்கேயே தடுக்கப்படுகிறது. கார் டயரில் அதிகம் சேரும் செயற்கை ரப்பருக்கு இந்தக் குணம் இல்லை. லாரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பர் கூடுதலாக இருப்பது இதனால்தான். கல்லில் வெட்டுப்படாத ரப்பர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

“ஓடாத டயர், புதுசு மாதிரி”

ஒருமுறை ஒரு கடையில் நான்கு டயர் மலிவாகக் கிடைத்தது. பட்டன் தேயவே இல்லை, நானும் மகிழ்ந்து வாங்கினேன். மூன்றாவது மலைப்பயணத்தில் பட்டன்கள் காய்ந்த பிஸ்கட் போல உதிர்ந்தன. அதன்பிறகுதான் பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தைப் படித்தேன். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். என் டயரில் இருந்த எண் அதைவிடப் பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. ஓடாமல் கிடந்தாலும் காற்றும் வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்கிவிடும், இறுகிய ரப்பர் பாறையைப் பிடிக்காது. பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள், நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள், ஸ்டெப்னியின் எண்ணையும் விடாதீர்கள்.

மலை இறங்கி வந்ததும் பலர் அவசரத்தில் காற்றை மறந்துவிடுகிறார்கள். 16-இல் வைத்த டயரோடு நாகர்கோவில் சாலையில் 60-இல் போனால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். பாறை கிழிக்காத டயரைத் தார்ச்சாலை வெடிக்க வைத்துவிடும். கீரிப்பாறை நிழலில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். சிறிய மின் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் எண்ணுக்குக் காற்றை நிரப்புங்கள். அது நிரம்புகிற நேரத்தில் குனிந்து, நான்கு டயரின் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத வெட்டு அங்கேதான் இருக்கும்.