பழைய டிஜிட்டல் காமிராவும் அதன் பராமரிப்பும்

வயலிலும் வனத்திலும் ஆற்றங்கரையிலும் பணியாற்றும் கள ஊழியர்களின் பொறுப்பிலுள்ள சாதனங்களுள் மிகக் குறைந்த கவனத்தைப் பெறுவது காமிராவே எனலாம். மழைமானியின் புனலில் ஓர் இலை கிடந்தாலும் உடனே எடுத்தெறியும் ஊழியர், பதினைந்து ஆண்டுகட்கு முன் அலுவலகத்திற்கு வந்த டிஜிட்டல் காமிராவை ஆண்டிற்கு இருமுறையே பீரோவிலிருந்து வெளியே எடுக்கிறார். அது இயங்கினால் வேலை நடக்கிறது. இயங்காவிடில், “பழையதாகிவிட்டது” என்ற தீர்ப்புடன் மீண்டும் பீரோவிற்குள் செல்கிறது. இத்தீர்ப்பு பெரும்பாலும் ஆராயாமல் வழங்கப்பெறுவது. உழைத்துத் தேய்ந்து கெடும் காமிராக்கள் உண்டு. ஆயினும் முடங்கிக் கிடப்பவற்றுள் பல, உழைப்பினால் அன்றி ஓய்வினாலேயே கெட்டவை. ஈரமும் இருட்டும், உள்ளே மறந்து விடப்பட்ட மின்கலங்களும் சேர்ந்து ஒரு மழைக்காலத்தில் விளைக்கும் கேட்டினைச் சில ஆயிரம் படங்களை எடுப்பதனால் காமிரா அடைவதில்லை.

இன்று பலர் கையிலும் கைப்பேசி இருக்க, பழைய காமிராவைக் காப்பது எதற்கு என்ற வினா இயல்பாகவே எழும். ஆண்டு விழா மேடையைப் படம் பிடிப்பதற்கு மட்டுமே அது தேவை எனில், காக்க வேண்டியதில்லை, கைப்பேசியே போதும். ஆனால் ஆற்றின் கரை அரிபடும் அளவு, சதுப்புநிலக் காட்டின் விளிம்பு, ஒரு மரம் தளிர்க்கும் காலம் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசை நோக்கி எடுத்துவரும் அலுவலகங்களின் நிலை வேறு. அங்கே படத்தின் மதிப்பு அதன் அழகில் இல்லை. சென்ற ஆண்டுப் படத்துடன் ஒப்பிடக்கூடியதாக இருப்பதில் உள்ளது. லென்ஸ் மாறினால் படத்தில் அடங்கும் பரப்பும் மாறும். கைப்பேசியோ பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக இணைத்து, நிறத்தையும் கூர்மையையும் தானே திருத்தி அளிக்கக்கூடியது. இலையிலுள்ள புள்ளி மஞ்சளா, பழுப்பா என்பதே ஆய்வாக இருக்கும்போது இத்திருத்தம் இடையூறாகும். ஆகவே பழைய காமிராவைக் கைவிட நேர்ந்தாலும், வானிலை நோக்கர்கள் பழைய கருவியையும் புதிய கருவியையும் சிலகாலம் அருகருகே வைத்து அளவெடுப்பதுபோல, ஒரு பருவம் முழுவதும் இரண்டினாலும் படமெடுத்தல் வேண்டும். அதற்கேனும் பழையது உயிருடன் இருத்தல் அவசியம்.

காமிராவில் முதுமையடைவன எவை என்பதை முதலில் அறிதல் நன்று. ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமிக்கும் ஒளியுணர் தகட்டின் தத்துவத்தை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் வகுத்தனர். 2009-ல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-ல் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா, நூற்றுக்கு நூறு என்ற கணக்கில் 10,000 புள்ளிகளே கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அன்று முதல் இன்றுவரை தத்துவம் ஒன்றே: பிலிமைப்போல ஒளியுணர் தகடு செலவழிந்து போவதில்லை. செலவழிவனவும் சிதைவனவும் அதனைச் சூழ்ந்துள்ள பொருள்களே. மின்கலம், மின்தேக்கி, தொடுமுனை, ரப்பர், உராய்வுநீக்கும் மசகு, பசை ஆகியன இத்தகையவை.

ஈரமும் பூஞ்சணமும்

நமது நாட்டில் காமிராவின் முதற்பகை ஈரமே. ராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதியில் தூசிக்கு அந்த இடத்தை அளிக்கலாம்; கொங்கணம், கேரளம், அஸ்ஸாம் முதலிய இடங்களில் ஐயத்திற்கே இடமில்லை. காற்றில் எங்கும் மிதக்கும் பூஞ்சண வித்துக்கள் லென்ஸின் கண்ணாடியிலும் படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 அல்லது 70 சதவிகிதத்திற்கு மேல் நெடுநாள் நிலைத்து, இருளும் அசைவற்ற காற்றும் கூடுமிடத்தில் அவை முளைத்துச் சிலந்தி நூல்போல் படர்கின்றன. விரல்பட்ட எண்ணெய்ப்பசையும் தூசியுமே அவற்றிற்குப் போதிய உணவு. அவை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சினை அரித்துவிடும். பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்த பின்னரும் அரிப்பின் தடம் மறையாது. ஆகவே இதில் மருத்துவத்தைவிடத் தடுப்பே பயன்தரும்.

மழைக்காலத்தில் காமிராவைத் தோலுறையில் இட்டு, பீரோவில் துணிகளுடனோ கோப்புகளுடனோ வைத்து, பூச்சி அணுகாதிருக்க அந்துருண்டையும் போடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இம்மூன்றும் தவறானவை. தோல் ஈரத்தை உறிஞ்சித் தேக்கி வைக்கும், காகிதமும் அவ்வாறே. அந்துருண்டை, கற்பூரம் ஆகியவற்றின் ஆவி காமிராவிற்குத் தீங்கு விளைக்கும் என்று தயாரிப்பாளர்களே எச்சரித்துள்ளனர்.

விலையுயர்ந்த உலர்பெட்டி இல்லாத இடத்தில், ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவே போதுமானது. அதனுள் காமிராவை உறையின்றி வைத்து, கைப்பிடியளவு சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி இடவேண்டும். நீலநிற ஜெல் ஈரத்தை ஏற்றதும் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சுநிறத்தது பச்சையாக மாறும். நிறம் மாறியபின் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் உலர்த்தினால் அது மீண்டும் பயன்படும். நீலநிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள். எனவே சமையல் பாத்திரத்தில் அதனை வறுத்தல் கூடாது, சிறுவர் கைக்கு எட்டுமாறு வைத்தலும் கூடாது. ஜெல்லுக்குப் பதிலாக அரிசியில் புதைத்து வைப்போர் உளர். அரிசி ஈரத்தைச் சிறிதளவே ஏற்கும். அதன் மாவுத்தூளோ லென்ஸ் குழலின் இடுக்குகளில் புகும். டப்பாவினுள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவிகிதம் வரை இருத்தல் போதும். மிகையான வறட்சி ரப்பருக்கும் மசகிற்கும் நன்றன்று.

ஈரம் வந்து சேரும் மற்றொரு வழியைப் பலர் எண்ணுவதில்லை. குளிர்சாதன அறையில் 24 டிகிரி வெப்பநிலையில் இருந்த காமிராவை, வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்றிற்குக் கொண்டுவருவதாகக் கொள்க. அக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. ஆகவே குளிர்ந்த காமிராவின் புறத்திலும், காற்று புகுமிடமெல்லாம் அகத்திலும், நீர் படிகிறது. வெளியே எடுக்குமுன் அதனைப் பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டி, வெளிவெப்பத்தை அடையும்வரை அரைமணி நேரமோ சற்று மிகுதியாகவோ பொறுத்திருந்தால் நீர் பையின் மீது படியுமேயன்றிக் கருவியின் மீது படியாது.

ஈரத்தினால் ஒளியுணர் தகடே கெட்டதும் உண்டு. பல நிறுவனங்கள் முந்தைய சில ஆண்டுகளில் விற்ற காமிராக்களில், வெப்பமும் ஈரமும் மிக்க சூழலில் தகட்டின் உள்ளிருக்கும் மெல்லிய இணைப்புக் கம்பிகள் விடுபட்டுப் போவது 2005-ல் வெளிப்பட்டது. திரையில் பட்டியல் தெளிவாகத் தெரிந்து, படம் மட்டும் கலங்கியோ முற்றும் கறுத்தோ காணப்படின் ஒளியுணர் தகட்டின் மீது ஐயங்கொள்ளலாம். இத்தகைய காமிராவிற்குப் பொருள் செலவிடுதல் வீண்.

மின்கலங்கள்

காமிரா இயங்கவில்லை எனில் முதலில் நோக்கத்தக்கவை மின்கலங்களின் தொடுமுனைகள். சாதாரண அல்கலைன் கலங்களை உள்ளேயே விட்டுவைத்தால், நாளடைவில் அவற்றிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றுடன் கூடி வெண்ணிறப் பொருக்காகப் படியும். கையுறையணிந்து, வினிகரிலோ எலுமிச்சம் சாற்றிலோ சிறிது நனைத்த பஞ்சினால் துடைத்து, பின்னர் சுத்தமான சாராயத்தில் நனைத்த பஞ்சினால் அதனைப் போக்கி, நன்கு உலரவிட வேண்டும். காரத்தை அமிலம் நடுநிலைப்படுத்துவதை மாணவர்க்குக் காட்ட இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

பொருக்கு இல்லாத இடத்திலும் மெல்லிய அழுக்குப்படலம் தடையைக் கூட்டும். பேனாவுக்கும் சுவர்க்கடிகாரத்திற்கும் உள்ள வேறுபாடு போன்றதன்று, காமிராவிற்கும் கடிகாரத்திற்கும் உள்ள வேறுபாடு. இரண்டும் மின்னோட்டத்தினாலேயே இயங்குவன, அளவே வேறு. காமிரா திடீரென மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்போது தடையின் காரணமாக அழுத்தம் சரிந்து, கலம் தீர்ந்துவிட்டதாகக் கருவி தவறாகக் கருதுகிறது. காமிரா ஒதுக்கிய கலம் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடுவதன் காரணம் இதுவே. இரண்டு சிறு கலங்களை ஏற்கும் காமிராக்களுக்கு மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் ஏற்றவை. அவற்றின் அழுத்தம் 1.2 வோல்டே எனினும் பளுவின்கீழ் அது எளிதில் சரிவதில்லை.

லித்தியம் அயன் பாட்டரியை முழு மின்னேற்றத்துடனோ முற்றும் தீர்ந்த நிலையிலோ நெடுநாள் வைத்தலாகாது. பாதியளவு ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று நான்கு மாதங்களுக்கொருமுறை நோக்குதல் வேண்டும். வெயிலில் நிற்கும் ஜீப்பின் முன்தட்டு அதற்கு மிகக் கெட்ட இடம். உப்பிய பாட்டரியை அழுத்தி உள்ளே செலுத்துவதோ குத்தித் திறப்பதோ தீவிபத்திற்கு அழைப்பாகும். அதனை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தேதியின் பிழை

இதுவரை கூறியவை காமிராவைக் காப்பன. படத்தின் சான்றுமதிப்பைக் காப்பது தேதி. காமிராவினுள் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்றே தனியாக ஒரு சிறு கலம் உண்டு. சிலவற்றில் அது நாணய வடிவில் மாற்றத்தக்கதாகவும், பலவற்றில் பெரிய பாட்டரியினால் மின்னேற்றம் பெறுவதாகவும் இருக்கும். காமிரா நெடுநாள் பாட்டரியின்றிக் கிடந்தால் அச்சிறுகலம் தீர்ந்து, கடிகாரம் தயாரிப்பாளர் குறித்த தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். அடுத்து எடுக்கும் ஒவ்வொரு படத்தின் குறிப்பிலும் அப்பொய்த் தேதியே ஏறும். வெள்ளத்தினால் இடிந்த கரையின் படம், வெள்ளத்திற்குப் பல ஆண்டுகள் முன்னர் எடுத்ததாகக் கோப்பில் அமரும். எடுத்தவர் மாற்றலாகிச் சென்றபின் இப்பிழையைக் கண்டுபிடிப்பார் எவருமிலர். ஓடாத காமிராவினால் ஒரு படம் இல்லாமற் போகும். தேதி பிறழ்ந்த காமிராவினாலோ இருக்கும் படமே பொய்ச்சாட்சி கூறும். பின்னது பெருங்கேடு.

மின்னேற்றிய பாட்டரியை ஓரிரு நாள் காமிராவினுள்ளேயே விட்டுவைத்தால் உட்கலம் பெரும்பாலும் மீண்டும் உயிர்பெறும். அவ்வாறு பெறாவிடினும் காமிராவை ஒதுக்க வேண்டியதில்லை. களத்தில் ஒவ்வொரு நாளும் முதற்படமாக, தேதி, நேரம், இடம், ஊழியரின் பதவி ஆகியவற்றை எழுதிய சிலேட்டையோ குறிப்பேட்டின் பக்கத்தையோ எடுக்க வேண்டும். சரியான நேரத்தைக் காட்டும் கடிகாரத்தையும் அப்படத்தில் சேர்த்துக்கொண்டால், காமிராவின் கடிகாரம் எவ்வளவு பிறழ்ந்துள்ளது என்பது தெரியும். அன்றைய எல்லாப் படங்களையும் அவ்வேறுபாட்டைக் கொண்டு திருத்திப் படிக்கலாம். மூலப்படத்தின் குறிப்பை அழித்து மாற்றாமல், திருத்தத்தைப் பதிவேட்டில் எழுதிவைத்தலே முறை.

நினைவட்டை பற்றியும் சிறிது கூறவேண்டும். 2006-க்கு முற்பட்ட காமிராக்கள் பொதுவாக 2 ஜிகாபைட் வரையுள்ள பழைய எஸ்டி அட்டைகளையே ஏற்கும். இன்று கடைகளில் கிடைக்கும் பெரிய அட்டையை இட்டு, அது படிக்கப்படாததைக் கண்டு காமிரா கெட்டதென முடிவுசெய்வது தவறு. பழைய சிறு அட்டை கிடைத்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்தல் நன்று. படங்கள் அட்டையிலேயே தங்குதல் கூடாது. திரும்பியவுடன் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதியெடுத்த பின்னரே அட்டையைக் காமிராவினுள்ளேயே வைத்துத் துடைக்க வேண்டும்.

லென்ஸின் தூசியை ரப்பர் ஊதியினால் மட்டுமே அகற்றுக. வாயால் ஊதினால் எச்சில் படியும். குழல் நீளும் காமிராக்களைக் கடற்கரையில் இயக்கினால் ஒரு மணற்பரல் குழலை இறுக்கிவிடக்கூடும். கறகறவென்ற ஓசை கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும்.

எக்காரணம் பற்றியும் பள்ளியில் காமிராவைத் திருப்புளி கொண்டு திறந்து காட்டுதல் கூடாது. பிளாஷ் விளக்கிற்கான மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் சேமிக்கப்படுகிறது. பாட்டரியை எடுத்த பின்னரும் அது அங்கேயே தங்கியிருக்கலாம். அம்மின்தேக்கியும் நெடுநாள் சும்மா கிடந்தால் தன் தன்மை குன்றும். ஆதலின் மாதத்திற்கொருமுறை காமிராவை வெளியே எடுத்து, குழலை நீட்டிச் சுருக்கி, பிளாஷுடன் சில படங்கள் எடுத்து, கடிகாரத்தைச் சரிபார்த்து வைக்க வேண்டும். அரைமணி நேர வேலை இது.

ஆசிரியர்கள் இவ்வேலையையே பாடமாக்கலாம். தொலைக்காட்சியின் தொலைவியக்கியைப் பல பழைய காமிராக்களின் முன் நீட்டி அழுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் திரையில் வெண்புள்ளியாகத் தோன்றும். பின்னர், மழைக்காலம் முடிந்தவுடன் ஆண்டுதோறும் இரண்டு சோதனைப் படங்கள் எடுக்கச் செய்யலாம். முதலாவது, சீரான ஒளியுள்ள வெண்சுவரின் படம்: தகட்டின்மீது தூசி படிந்திருப்பின் அது மங்கலான கரும்புள்ளியாகத் தெரியும். இரண்டாவது, லென்ஸை முற்றும் மூடி, சில விநாடிகள் திறந்துவைத்து எடுக்கும் இருட்படம். இருளில் ஒளிரும் சிறுபுள்ளிகளின் எண்ணிக்கையை மாணவர்கள் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி வரை உயர்ந்தால் தகட்டின் இருள்மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்காகும். எனவே அறையின் வெப்பநிலையையும் உடன் எழுதிவைக்க வேண்டும், நண்பகலில் எடுத்ததை விடியற்காலையில் எடுத்ததோடு ஒப்பிடலாகாது. இவ்விரு படங்களையும் ஆண்டுவாரியாகக் காமிராவின் டப்பாவிலேயே ஒரு குறிப்பட்டையுடன் சேர்த்து வைத்தால், அடுத்து அப்பொறுப்பை ஏற்பவர், களப்படத்தில் காணும் புள்ளி இலையில் உள்ளதா, காமிராவில் உள்ளதா என்பதை ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்வார்.