பேருந்துத் தடமும் மக்கள் கருத்தும்

கேள்வி: பேருந்துக்குத் தனித்தடம் போடுமுன் மக்கள் கருத்துக் கேட்பதெல்லாம் வெறும் சடங்குதானா?

பதில்: சடங்காக்கினால் சடங்குதான். டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் சாலையின் நடுவே தனித்தடம் வந்தது. எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. 2012-ல் உயர் நீதிமன்றம் பேருந்துப் பயணிகள் பக்கம் நின்றது. அப்படியும் 2016-ல் தடத்தை இடித்துவிட்டார்கள். அகமதாபாத் வேறு வழியில் போனது. 2009-ல் முறைப்படி தொடங்குமுன் சில மாதங்கள் மக்களை இலவசமாக ஏற்றி, குறைகளைக் கேட்டுத் திருத்தினார்கள். ஏறி இறங்கிப் பார்த்தவருக்குத்தான் நிறுத்தத்துக்குச் சாலையைக் கடக்கும் சிரமம் தெரியும். வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் அந்தக் குறை வெளியே வராது. இன்னொன்று: கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பகல் 11 மணிக்கு வைத்தால், பேருந்தில் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? மாலையில், நிறுத்தத்துக்கே போய்க் கேட்கவேண்டும்.