வழித்துணை

சனிக்கிழமை நண்பகலில் நம் விடுதி வாயிலில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி புலனாகும். ஆடவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறலாம் என்று நடந்துவிடுகின்றனர். மகளிர் முதலில் கடிகாரத்தைப் பார்க்கின்றனர், பிறகு, “உன்னோடு யார் வருகிறார்கள்?” என்று ஒருவரையொருவர் கேட்கின்றனர். ஊர் ஒன்றே, தொலைவும் ஒன்றே, கேள்வி மட்டும் வேறு. இவ்வேற்றுமை எதனால் வந்தது, இதனால் நம் கல்விக்கு நேரும் இழப்பு யாது, இதற்குத் தீர்வு எங்கே உள்ளது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நான் சித்தூரைச் சேர்ந்தவள், திருப்பதியில் பயில்கின்றேன். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளர்ந்தேன். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியே பேருந்து உண்டு. பாகாலா வழியே இரயில் உண்டு. இரு முனைகளிலும் எஞ்சி நிற்கும் சிறு தொலைவிற்கு ஷேர் ஆட்டோ உண்டு. மூன்று ஆண்டுகளாக இம்மூன்றிலும் மாறி மாறிப் பயணம் செய்து வருகின்றேன். வகுப்பறையில் கற்காத பாடம் ஒன்றை இவை எனக்குக் கற்பித்தன. அப்பாடத்தையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

இரயிலும் தனிமையும்

பெண்களுக்கெனத் தனிப் பெட்டி வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் மிகப் பழையது. 1890ஆம் ஆண்டின் இரயில்வே சட்டமே, பயணிகள் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் கடைசி வகுப்பில் ஒரு பகுதியையேனும் மகளிர்க்கென ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. வண்டி 50 மைலுக்கு மேல் ஓடுமாயின் அப்பகுதியில் கழிப்பிடமும் இருத்தல் வேண்டும் என்றது. அச்சட்டத்திற்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டமும் மகளிர்க்கு இடம் ஒதுக்குமாறு கூறுகின்றது. அங்கே அத்துமீறி நுழையும் ஆடவர்க்குத் தண்டமும் விதிக்கின்றது.

இவ்வொதுக்கீடு நன்மையே. ஆனால் அது மட்டும் போதுமா? 2025 பிப்ரவரியில் நம் பாதையிலேயே நடந்த ஒரு கொடுமையை எண்ணிப் பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் இன்டர்சிட்டி எக்ஸ்பிரசில், மகளிர் பெட்டியில், கருவுற்ற பெண் ஒருவர் சித்தூரை நோக்கி வந்துகொண்டிருந்தார். சோலையார்பேட்டையில் உடனிருந்த பெண்கள் இறங்கிவிட்டனர். அவர் தனியரானார். அங்கே ஏறிய ஒருவன் அவரிடம் முறைகேடாக நடக்க முயன்றான். அவர் எதிர்க்கவே, ஓடும் வண்டியிலிருந்து கீழே தள்ளிவிட்டான். அப்பெண் படுகாயமுற்றார், வயிற்றிலிருந்த கருவையும் இழந்தார். அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அஃது இரவன்று, பகல். அது காட்டுப்பாதையன்று, ஆள் நடமாட்டம் மிக்க இருப்புப்பாதை. அவர் இருந்ததும் சட்டம் ஒதுக்கிய இடமே. எல்லாம் முறைப்படி இருந்தும், கூப்பிட்டால் “என்ன?” என்று கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை. பெட்டியின் மேல் எழுதிய எழுத்து காவல் புரியாது என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.

பேருந்தும் கூட்டமும்

தனிமை தீங்கு எனின், கூட்டம் நன்மையா? பேருந்தில் ஏறுவோம்.

ஆந்திரப் பேருந்துகளில் முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கு உரியவை. பெண்களை மதிப்பது நம் மரபு என்னும் கருத்துப்படத் தெலுங்கில் ஒரு வாசகமும் எழுதியிருக்கும். 2025 ஆகஸ்டு 15 முதல் ‘ஸ்த்ரீ சக்தி’ என்னும் திட்டத்தின்கீழ், ஆந்திரத்துப் பெண்கள் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் முதலிய அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாயினர். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலேயே இவ்வசதி வந்துவிட்டது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023இல் தொடங்கின. மாநில எல்லை கடக்கும் பேருந்துகளுக்கு ஆந்திரத் திட்டம் பொருந்தாதாகையால், வேலூரிலிருந்து வரும் நம் தோழியர்க்கு இப்பயன் கிட்டவில்லை. எனினும், மாதம் இரண்டு முறை ஊருக்குச் செல்லத் தயங்கிய ஏழை மாணவிக்கு இது பெரும்பேறு. கட்டணம் என்னும் கதவு திறந்தது. உள்ளே கூட்டம் பெருகியது.

இரண்டாம் ஆண்டில் ஒரு மாலை சித்தூரில் ஏறினேன். நிற்பதற்கே இடமில்லை. பின்னால் நின்றவர் வண்டியின் ஆட்டத்திற்கு ஏற்பச் சாய்கின்றார் என்றே முதலில் எண்ணினேன். நான் ஓரடி முன்னே நகர்ந்தேன். அவரும் ஓரடி நகர்ந்தார். வண்டி நின்றபோதும் அவர் சாய்வது நிற்கவில்லை. “தள்ளி நில்லுங்க!” என்று கத்திவிட்டேன். பேருந்து முழுதும் தெலுங்கு பேசுவோர். என் வாயில் வந்ததோ தமிழ். ஆயினும் பொருள் புரியாதவர் அங்கே ஒருவரும் இலர். தக்காளிக் கூடையோடு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் கூடையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, “இட்லா ராம்மா, கூர்ச்சோ” என்று என் கையைப் பிடித்து அருகே இருத்தினார். நடத்துநரும் ஒரு பெண்மணி. விசில் ஊதி வண்டியை நிறுத்தச் செய்து, “இறங்குகிறாயா? போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விடச் சொல்லட்டுமா?” என்று அவரிடம் தெலுங்கில் கேட்டார். அவர் பேசாமல் இறங்கிப் போனார். எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

அந்த நடத்துநர் அருள் கூர்ந்து செய்தார் என்று அன்று எண்ணினேன். அஃது அவர் கடமையும் ஆகும் எனப் பின்னர்ப் படித்தறிந்தேன். 1999இல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் கணவரோடு காத்திருந்த ஒரு பெண்ணிடம் காவலர் ஒருவரே குடித்துவிட்டு முறைகேடாக நடந்தார். அது பற்றிய வழக்கில் 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைப் பணியிலிருந்து நீக்கியது செல்லும் என்றதோடு நில்லாமல், நாடு முழுமைக்கும் சில கட்டளைகளையும் நீதிமன்றம் இட்டது. பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்த வேண்டும். பயணிகள் வண்டியில் இத்தகைய தொல்லை பற்றிப் புகார் எழுந்தால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். தவறினால் வண்டியின் உரிமமே நீக்கப்படலாம். இத்தீர்ப்பை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

ஷேர் ஆட்டோவும் பொறுப்பும்

திருப்பதிப் பேருந்து நிலையம் உறங்குவதில்லை. நள்ளிரவிலும் அங்கே குடும்பம் குடும்பமாக யாத்திரிகர் இருப்பர். தேநீர்க் கடை திறந்திருக்கும். எனக்கு அங்கே அச்சம் தோன்றியதில்லை. அங்கிருந்து விடுதிவரை உள்ள சில கிலோமீட்டர்தான் என் பயணத்தில் மிக நீண்ட பகுதி.

முதலாண்டில் ஒரு ஞாயிறு இரவு எட்டரை மணி. மூவர் அமரும் இடத்தில் ஐவராக நெருக்கி அமர்ந்த ஷேர் ஆட்டோவில் நான் நடுவில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவரின் கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டுப் பாட்டின் ஒலியைச் சற்றுக் கூட்டினார். விடுதிக்கு வெகுமுன்பே இறங்கி, முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு, மதிலோரமாக இருட்டில் நடந்தேன். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டபோது, “பஸ் லேட்” என்றேன்.

பேருந்திலும் கூட்டம், ஆட்டோவிலும் கூட்டம். ஓரிடத்தில் கூட்டம் துணையாயிற்று, மற்றோரிடத்தில் பகையாயிற்று. ஏன்? பேருந்தில் சீருடை அணிந்த ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு பணியெண் உண்டு. புகார் செய்ய ஓர் அலுவலகம் உண்டு. ஆட்டோவில், பார்த்தவர் பார்க்காதவராகிவிட இயன்றது. சட்டத்திலும் இவ்விடைவெளி தெரிகின்றது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த பெருங்கொடுமைக்குப் பின், பயணிகள் வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் பொருத்த வேண்டும் என்று 2016இல் மைய அரசு விதி செய்தது. ஆனால் அவ்விதி மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்களித்துவிட்டது. நாம் இரவில் ஏறி இறங்குவது அந்த மூன்று சக்கர வண்டியில் அன்றோ?

ஆகவே நான் கண்ட முடிவு இது: பெண்ணைக் காப்பது தனிமையும் அன்று, கூட்டமும் அன்று; பொறுப்பு ஒன்றே. “இங்கு நடப்பதற்கு நான் விடை சொல்ல வேண்டியவன்” என்று எண்ணும் ஒருவர் இருக்கும் வண்டி பாதுகாப்பான வண்டி. அத்தகையவர் இல்லாத வண்டி, பெண்களுக்கென ஒதுக்கியதாயினும், பாதுகாப்பற்றதே.

சொல்லாமல் விடும் சொல்

நிற்க. ஆட்டோவில் நடந்ததை நான் ஏன் வீட்டில் சொல்லவில்லை? சொன்னால் அப்பாவின் விடை என்னவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்: “போதும்மா, ஊரிலேயே ஒரு காலேஜில் சேர்ந்துவிடு.” தவறு செய்தவன் அடுத்த நாளும் அதே ஆட்டோவில் செல்வான்; தவறு செய்யாதவள் படிப்பை விட வேண்டும். இந்தத் தண்டனைக்கு அஞ்சியே மாணவியர் பலர் வாய் மூடி இருக்கின்றனர். அவர் வாய் மூடியிருப்பதால், தொல்லையே இல்லை என்று மற்றவர் எண்ணிக்கொள்கின்றனர்.

இஃது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. பொருளியலாளர் கிரிஜா போர்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவரிடையே ஓர் ஆய்வு நடத்தினார். பாதுகாப்பான வழி வேண்டும் என்பதற்காக, தம் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டுவிட்டுத் தரம் குறைந்த கல்லூரியை ஏற்கவும் மாணவியர் முன்வருகின்றனர் என்று அவ்வாய்வு காட்டிற்று. மாணவரிடம் அவ்வளவு விட்டுக்கொடுத்தல் காணப்படவில்லை. மாணவி ஒருத்தி சேராத கல்லூரியும், இருட்டும் முன் மூடிவிட்டுப் புறப்பட்ட நூலும், போகாத மாலைச் சொற்பொழிவும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பேருந்தின் இலவசச் சீட்டு இவ்விழப்பை ஈடு செய்யாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஊருக்குச் செல்லும் நாளில் நான் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்பதை உடன் பயிலும் தோழியர் அறிவர்.

பேருந்தில் நடந்ததை மட்டும் துணிந்து அம்மாவிடம் சொன்னேன். மூதாட்டியும் நடத்துநரும் துணைநின்ற கதையாகையால் சொல்ல முடிந்தது. அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தம் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். “நான் தையல் கிளாசுக்கு வேலூர் போய் வந்தப்போ இதுதான் எனக்குத் துணை” என்றார். அவரும் தம் வீட்டில் சொல்லவில்லையாம். அந்த ஊக்கு இன்றும் என் பையில் உள்ளது. ஆனால் அதை என் மகளிடம் கொடுக்க நான் விரும்பவில்லை.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, தோழியர்க்கு. உரத்துச் சொல்லுங்கள், எம்மொழியில் சொன்னாலும் புரியும். நடத்துநரிடம் கடமையைக் கேளுங்கள். அது கெஞ்சுதல் அன்று. அவசரத்திற்கு 112, இரயிலில் 139, மகளிர் உதவிக்கு 181 என்னும் எண்களை மனத்தில் வையுங்கள். விரும்பாத பெண்ணைத் தகாத எண்ணத்தோடு தீண்டுவது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவுப்படி மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

இரண்டாவது, உடன் பயிலும் ஆடவர்க்கு. உங்களைச் சண்டையிட அழைக்கவில்லை. ஆட்டோவில் ஒருத்தி நெளிவதைக் கண்டால், “அண்ணா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்” என்று சொல்லுங்கள். ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டின் ஒலியைக் கூட்டும் கை உங்கள் கையாக இருத்தல் ஆகாது.

மூன்றாவது, பெற்றோர்க்கு. மகள் ஒரு துன்பத்தைச் சொன்னால், படிப்பை நிறுத்துவோம் என்பது முதற்சொல்லாக வேண்டா. “நல்ல வேளை சொன்னாய்” என்பதே முதற்சொல்லாகட்டும். அவள் அடுத்த முறையும் சொல்வாள்.

நான்காவது, நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை சித்தூர், வேலூர், திருத்தணி, காளத்தி முதலிய ஊர்களிலிருந்து நம்மவர் பலர் திருப்பதி வந்து சேர்கின்றோம். ஆனால் ஒருவர் வருவதை மற்றவர் அறியோம். யார் எவ்வண்டியில் வருகின்றார் என்று ஒரு வழித்துணைப் பட்டியல் வைப்போம். அதை அறிவிப்புப் பலகையில் எழுதுதல் தகாது. மாணவியர் சார்பாளர் ஒருவரிடம் இருக்கட்டும். நால்வர் ஐவர் நிலையத்தில் காத்திருந்து சேர்ந்து ஏறினால், அந்த ஆட்டோ நம் வண்டியாகும். அதில் ஏறும் அயலூர்ப் பெண்ணுக்கும் நாம் துணையாவோம்.

வரும் ஞாயிறு மாலை நான் சித்தூரிலிருந்து பேருந்தில் வருகின்றேன். பட்டியலில் முதற்பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.